காதில் நின்ற தண்ணீர்

வேம்புலி கிணற்றில் இறங்கும்போது இடுப்பில் கயிறு கட்டிக்கொள்ள மாட்டான். கயிறு கொண்டுபோவான். ஒரு முனையை மேலே நிற்பவர்களிடம் கொடுத்துவிட்டு மறுமுனையைக் கையில் பிடித்தபடி குதிப்பான். அந்த முனை அடியில் கிடப்பவருக்கு. பிணத்தின் அக்குளுக்குக் கீழே முடிச்சுப் போட்டு, இரண்டு முறை சுண்டி இழுப்பான். மேலே நிற்பவர்கள் தூக்க ஆரம்பிப்பார்கள். அவன் தனியாக நீந்தி வேறு பக்கம் தலை தூக்குவான்.

"கவுறு கட்டிகினு தண்ணில பூறவன் பாதி பொணம், நர்சக்கா. நைனா சொன்னது" என்பான்.

கொரட்டூர் ஏரிக்குக் கீழே நெல் விளைந்த காலத்தில் அவனுடைய குடும்பம் கூலி வேலை செய்தது. கோடையில் கிணறு தூர் வாருவதும் அவர்கள் வேலைதான். பிறகு வயல்கள் மனைகளாகிவிட்டன. கிணறுகள் மட்டும் வீடுகளுக்கு நடுவே, பாதிச் சுவரோடு, பச்சைத் தண்ணீரோடு நின்றன. குடம் விழுந்தாலும், மோட்டாரின் வால்வு கழன்று விழுந்தாலும், ஆள் விழுந்தாலும் வேம்புலிக்குத்தான் ஆள் அனுப்புவார்கள். மற்ற நாட்களில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வார்ப்புப் பட்டறையில் மண் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். பட்டறையில் அவனை "டேய்" என்று கூப்பிடுவார்கள். கிணற்று மேட்டில் "அண்ணே" என்பார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவனுக்கு நன்றாகத் தெரியும்.

அவன் மனைவி நாகவல்லி ஊதுபத்தி கம்பெனியில் பாக்கெட் ஒட்டுகிறவள். நான் அடுத்த சந்தில் குடியிருந்தேன். டி.பி. வார்டில் துணை நர்சாகப் பல வருஷம் வேலை பார்த்தவள் என்பதால் தெருவில் யாருக்கு எது வந்தாலும் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

எண்பத்தாறாம் வருஷம் பங்குனியில் தாட்சாயிணி என்ற பெண் ஏரியில் விழுந்தாள். புருஷனோடு சண்டை என்றார்கள், கால் வழுக்கியது என்றும் சொன்னார்கள். வேம்புலிதான் எடுத்தான். அடியில் அவளுக்கு முடிச்சுப் போடும்போது அவளுடைய அவிழ்ந்த கூந்தல் அவன் முகத்தில் விழுந்து காதைச் சுற்றிக்கொண்டதாம். அதைப் பிரித்துவிட்டு மேலே வருவதற்குள் மூச்சு முட்டிவிட்டது. கரையேறிய பிறகு ரொம்ப நேரம் வலது காதைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

அடுத்த மாதம் இருமலில் ரத்தம் வந்தது.

ஊர் இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டது. நான் போடவில்லை. பொங்கலுக்கு முன்பிருந்தே அவன் இருமிக்கொண்டிருந்தான், சட்டை தோளில் தொங்க ஆரம்பித்திருந்தது. சளியைப் பரிசோதித்துப் பார்த்து டி.பி. என்றார்கள். தினமும் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, கூடவே மாத்திரைகள். மருந்தகத்துக்கு நானே அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கிருந்த நர்ஸ் ஊசி போடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் கேட்பாள்.

"காதுல இரைச்சல் இருக்கா? தலை சுத்துதா?"

"எனக்கு எப்பவும் கீறதுதாம்மா. முங்குறவன் காதுல தண்ணி நிக்காம இன்னா நிக்கும்?"

அவள் சிரித்துவிட்டு ஊசியைப் போடுவாள். அவன் பொய் சொல்லவில்லை. தண்ணீரில் இறங்குகிறவர்களுக்குக் காது அடைப்பதும் இரைவதும் சாதாரணம். ஒற்றைக் காலில் குதித்து, தலையைச் சாய்த்துத் தட்டினால் வெதுவெதுப்பாக ஒரு சொட்டு வெளியே வரும், சரியாகிவிடும். மருந்தால் வந்த இரைச்சலையும் அவன் அந்தக் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டான்.

இருமல் நின்றது, உடம்பு தேறியது. இனி ஊசி வேண்டாம், மாத்திரை மட்டும் போதும் என்று மருந்தகத்தில் சொன்னார்கள். அது வேம்புலிக்குப் பிடிக்கவில்லை. தன்னைத் தூக்கி நிறுத்தியது ஊசிதான், மாத்திரை வெறும் சுண்ணாம்பு என்று முடிவு செய்துவிட்டான். ஸ்டேஷன் பக்கத்தில் கஜபதி என்ற கம்பவுண்டர் ஒரு அறை வைத்திருந்தார். கேட்டால் கேட்ட ஊசியைப் போடுகிற மனிதர். வேம்புலி எங்கள் யாரிடமும் சொல்லாமல் அங்கே போய்ப் போட்டுக்கொண்டே இருந்தான்.

ஆடி பிறந்த சமயத்தில் ஒருநாள் அவன் வாசலில் ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். ஒரு குதி, உடனே சுவரைப் பிடித்தான். மறுபடி ஒரு குதி, சுவரைப் பிடித்தான்.

"என்னப்பா, எந்தக் கிணறு?" என்றேன்.

"கெணறே கெடையாதுக்கா. ஏரில எறங்கிக்கூட மாசக்கணக்கா ஆவுது. ஆனா தண்ணி உள்ள கீது. ங்ஙொய்ன்னு கூவிகினே கீது. எண்ணெய காச்சி ஊத்திட்டேன், எறங்க மாட்டேங்குது."

"ஒரு காதா, ரெண்டு காதா?"

"அந்தப் பக்கம்தான் ஆரம்பிச்சுது. இப்ப ரெண்டும்."

எந்தப் பக்கம் என்று அவன் சொல்லவில்லை. கை தானாக வலது காதுக்குப் போனது.

அதன் பிறகுதான் விழ ஆரம்பித்தான். விழுந்த விதம்தான் தெருவைப் பயமுறுத்தியது. மயக்கம் இல்லை, தள்ளாட்டம் இல்லை, வாயில் சாராய வாடையும் இல்லை. பேசிக்கொண்டே நிற்பான். சாயங்காலம் கரண்ட் போகும். இருட்டான அந்த நொடியில் யாரோ காலை வாரிவிட்டதுபோல அப்படியே சாய்ந்து விழுவான். விளக்கு ஏற்றினால் எழுந்து நிற்பான். குழாயடியில் குளிக்கும்போது முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடுவான், மூடியதும் விழுவான். ஒருமுறை குழாய்த் திருகில் புருவம் கிழிந்து நான்தான் கட்டுப் போட்டேன். கொஞ்ச நாளில் கண்ணைத் திறந்தபடியே முகத்துக்குச் சோப்புப் போடப் பழகிக்கொண்டான். சிவந்த கண்களோடு, இமைக்காமல், நுரை வழிய அவன் குழாயடியில் நிற்பதைப் பார்த்த பெண்கள் குடத்தைப் போட்டுவிட்டு ஓடினார்கள்.

"கண்ண மூடுனா அவ வர்றாக்கா" என்றான் என்னிடம், கட்டுப் போடும்போது. "தொட்டுத் தள்ளல. கால்ல கீற தரைய உருவிக்கினு பூடுறா. எனக்கு எது மேல எது கீழன்னே தெரியாம பூடுது."

"யார்?"

"அது யாருன்னு உனக்குத் தெரியும்."

நாகவல்லியின் தம்பி கன்னியப்பன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். பால் பூத்தில் வேலை செய்கிறவன், ஊரில் உள்ள பேய்க் கதை எல்லாம் அவனுக்கு அத்துப்படி. "நான் அப்பவே சொன்னேன்கா. அந்தத் தாட்சாயிணி மாமா காதுல குடியேறிட்டா. கூப்புட்டுகினே கீறா. ஒரு நாள் இஸ்துகினு பூடுவா."

"நீ ஒருத்தன் போதும்டா, அவனுக்கு வேற பேய் வேணாம்" என்றேன்.

"சிரிக்காதக்கா. மாமா நடக்கறதப் பாரு. காலு ரெண்டும் அகலமா வெச்சி, பொணத்தத் தூக்கிகினு நடக்கற மாதிரி."

அது உண்மை. தோளில் ஏதோ கனம் இருப்பதுபோல, தரையைப் பார்த்துக்கொண்டு, கால்களை அகட்டி வைத்து நடந்தான். நடக்கும்போது ரோடே குதிக்கிறது என்றான். பஸ் போர்டைப் படிக்க வேண்டுமானால் நின்றுவிடுவான். நின்றால்தான் எழுத்தும் நிற்கும். காய்கறிக்காரரின் சைக்கிள் மணி பின்னால் கிணுகிணுக்கும், இவன் ஒதுங்க மாட்டான். ஆனால் லாரி வந்தால் எனக்கு முன்பே ஒதுங்குவான். நாகவல்லி அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் கேட்பதில்லை, கன்னியப்பனின் தடித்த குரல் கேட்டது. கீச்சுச் சத்தமெல்லாம் போய், கனத்த சத்தம் மட்டும் மிஞ்சியிருந்தது. வார்டில் ஊசி நோயாளிகளிடம் நான் இதைப் பார்த்திருக்கிறேன். "இன்னும் எங்கே ஊசி போட்டுக்கிறே?" என்று நேராகக் கேட்டேன். கஜபதியின் பெயர் அப்போதுதான் வெளியே வந்தது.

நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் காது டாக்டரிடம் மூன்று பேருமாகப் போனோம். நிதானமான மனிதர். வேம்புலியைக் கால் இரண்டையும் சேர்த்து வைத்து நிற்கச் சொன்னார், நின்றான். கண்ணை மூடச் சொன்னார். மரம் சாய்வதுபோலச் சாய்ந்தான். டாக்டர் தயாராக நின்றதால் பிடித்துக்கொண்டார்.

பிறகு படுக்கவைத்து, காதுக்குள் ஐஸ் தண்ணீர் பீய்ச்சினார். எந்த மனிதனுக்கும் அப்படிச் செய்தால் கட்டில் சுழலும், கண் விழிகள் ஒரு பக்கமாக இழுத்து இழுத்து ஓடும், வாந்தி வரும். நான் கிண்ணத்தோடு நின்றேன். வேம்புலியின் கண்கள் அசையவே இல்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு, காதில் ஐஸ் தண்ணீர் வழிய, மெல்லச் சிரித்தபடி படுத்திருந்தான். அடுத்த காதிலும் அப்படியே. நான் ஆஸ்பத்திரியில் எத்தனையோ பார்த்தவள், அந்தச் சிரிப்பை மட்டும் பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

டாக்டர் அவன் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, காதுக்கு எட்டும்படி கனத்த குரலில் சொன்னார்.

"ஏரில பாசி பாத்திருப்பே இல்ல? தண்ணி அசைஞ்சா பாசி சாயும். உன் உள்காதுலயும் தண்ணி இருக்கு. அதுல கண்ணுக்குத் தெரியாத செல்லுங்க, ஒவ்வொண்ணு தலையிலயும் பாசி மாதிரி நுனி. சத்தம் வந்தா சிலது அசையும், அதுதான் கேக்கறது. தலைய திருப்பினா, சாய்ச்சா வேற சிலது அசையும். அத வெச்சுத்தான் எது மேல, எது கீழன்னு மூளைக்குத் தெரியும். நீ போட்ட ஊசி ரத்தத்துல இருந்து அந்தத் தண்ணிக்குள்ள எறங்கியிருக்கு. ரத்தத்த விட்டு சீக்கிரம் போயிடும், அங்க இருந்து போவாது. தேங்கி நின்னு அந்த செல்லுங்களைக் கொன்னுடுச்சு."

"மறுபடி மொளைக்குமா சார்?" என்றாள் நாகவல்லி.

"மொளைக்காதும்மா. இருக்கறது மிஞ்சணும்னா ஊசிய இன்னியோட நிறுத்தணும். இப்ப இவர் கண்ணாலயும் காலாலயும்தான் நிக்கறாரு. இருட்டுனா கண்ணு போச்சு. தண்ணிக்குள்ள போனா காலும் போச்சு. அங்க எந்தப் பக்கம் மேலன்னு இவருக்குத் தெரியவே தெரியாது. தண்ணில மட்டும் எறங்கக் கூடாது. புரியுதா?"

"புரிஞ்சிச்சு சார்" என்றான் வேம்புலி.

திரும்பி வரும் ரயிலில் நாகவல்லி அழுதுகொண்டு வந்தாள். வேம்புலிக்கு நல்ல உற்சாகம்.

"இன்னாத்துக்குடி அழுவுற? பாத்த இல்ல, ஐஸ் தண்ணி. டவுன்காரனா இருந்தா வாந்தி எடுத்திருப்பான். நர்சக்கா கிண்ணத்த வெச்சிகினு நின்னுது, ஒரு சொட்டு கக்கல நான். தண்ணி என்னை ஒண்ணும் செய்யாது."

"அதுதாண்டா வியாதியே" என்றேன்.

அவன் காதில் விழவில்லை. அல்லது விழாததுபோல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஊசி நின்றது. இரைச்சல் நிற்கவில்லை. தடுக்கி விழுந்து வார்ப்பில் காலைச் சுட்டுக்கொண்டதால் பட்டறை வேலை போயிற்று. இனி அவனை யாராவது "அண்ணே" என்று கூப்பிட ஒரே ஒரு வேலைதான் மிச்சம். அதற்கு ஆள் வந்து நின்றால் போய்விடுவான், போனால் வர மாட்டான். நாகவல்லிக்கு இது தெரியும். கதவு தட்டும் சத்தம் கேட்டாலே அவள் முகம் வெளுக்கும்.

"கவுறு கட்டி அனுப்பு" என்றேன்.

"செத்தாலும் கட்ட மாட்டான்க்கா."

"கட்டாவிட்டால் சாவான். எது உனக்கு வசதியோ பார்."

அடுத்த கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவு தட்டப்பட்டது. ஆவடி டாங்கித் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் இருக்கும் சண்முகசுந்தரம் என்பவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். காலில் செருப்பு இல்லை. அவருடைய மகன் குணசேகரன், தொழிற்பயிற்சி முடித்த வாலிபன், குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருக்கும் பழைய பம்புசெட் கிணற்றில் நண்பர்களோடு குதித்தவன், மேலே வரவில்லை.

"அண்ணாச்சி, ஒங்களத்தான் சொன்னாவ. ஃபயர் சர்வீஸ் வண்டி வேற தீக்குப் போயிருக்காம், எப்ப வருமோ. அவன் அம்மா கெணத்துக்குள்ள குதிக்கப் போறா, நாலு பேரு புடிச்சிட்டு நிக்காவ. எம் பையனை எடுத்துக் குடுங்க அண்ணாச்சி."

வேம்புலி கயிற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டிருந்தான். அவன் அவ்வளவு நிமிர்ந்து நின்று நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

நாகவல்லி, கன்னியப்பன், நான், எல்லோரும் ஒரே ஆட்டோவில் போனோம். அகலமான கிணறு, பாதி இடிந்த சுவர். மோட்டார் கொட்டகை கூரையில்லாமல் நின்றது. தண்ணீர் கரும்பச்சை. மேலே நல்ல வெயில், ஆனால் தண்ணீருக்குள் ஒரு சாண்கூட வெளிச்சம் இறங்கவில்லை. விளிம்பில் நின்று குனிந்து பார்த்தவுடன் வேம்புலி தலையைச் சாய்த்தான், யாரோ பேசுவதைக் கேட்பதுபோல.

"இன்னாயா?" என்றாள் நாகவல்லி.

"ஒண்ணுமில்ல. சத்தம் இங்க நல்லா கேக்குது."

கன்னியப்பன் ஓரடி பின்னால் போனான்.

நாகவல்லி கயிற்றின் முனையை எடுத்து அவன் இடுப்பைச் சுற்றப் போனாள். அவன் கையைத் தட்டிவிட்டான். "எத்தினி பேரு பாக்கறாங்க, மானத்த வாங்காத."

அவள் கயிற்றின் மறுமுனையைத் தன் இடுப்பில் சுற்றி, இறுக்கி முடிச்சுப் போட்டாள். பிறகு சுவரின் மேல் ஏறி நின்றாள். அவளுக்கு நீச்சல் தெரியாது.

"நீ கட்டாம எறங்கு. உன் தலை முங்குனதும் நான் குதிக்கறேன். அப்பறம் அந்தப் புள்ளைய எடுப்பியோ, என்னை எடுப்பியோ, உன் இஷ்டம்."

"எறங்குடி கீழ."

"மாட்டேன்."

சண்முகசுந்தரம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக் கைகூப்பினார். வேம்புலி அவளையே முறைத்துக்கொண்டு நின்றவன், கடைசியில் கைகளைத் தூக்கினான். அவள் இறங்கிவந்து அவன் இடுப்பில் கட்டினாள்.

"என்னைப் பொணமாக்கிட்டடி" என்றான். குதித்தான்.

கயிறு சரசரவென்று ஓடியது. பிறகு மெதுவாக. பிறகு நின்றது. கன்னியப்பனும் குவார்ட்டர்ஸ் ஆட்கள் சிலரும் பிடித்திருந்தார்கள், முனை நாகவல்லியின் இடுப்பிலேயே இருந்தது. குமிழிகள் வந்தன. நான் குமிழிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கயிறு லேசாக அசைந்தது, இன்னும் கொஞ்சம் உள்ளே போனது. மேலே வரவேண்டிய நேரத்தில் உள்ளே போனது. இரண்டு சுண்டல் வரவில்லை. குமிழிகள் குறைந்தன.

"தூக்குங்க" என்றேன்.

தூக்கினார்கள். கயிறு கொஞ்சம் வந்து, சட்டென்று இறுகியது. அடியில் எதுவோ அதைப் பிடித்துக்கொண்டது. தூக்கியவர்களே ஓரடி முன்னால் இழுக்கப்பட்டார்கள். கயிறு உதறியது. ஒரு ஆள் தனியாக இழுக்கும் இழுப்பு இல்லை அது.

"அவதான்!" என்று கத்தினான் கன்னியப்பன். "கீழ இஸ்துகினு கீறா! உட்ருங்க, நம்மளையும் இஸ்துடுவா!" கயிற்றை விட்டுவிட்டான். மற்றவர்களுக்குத் தாட்சாயிணி யாரென்று தெரியாது. ஆனால் அவன் முகத்தைப் பார்த்த பிறகு தெரிய வேண்டியதே இல்லை. இரண்டு பேர் விட்டார்கள்.

பாரம் முழுவதும் நாகவல்லியின் இடுப்பில் வந்தது. அவள் சுவர்வரை இழுபட்டாள். குதிகாலைச் சுவரில் ஊன்றி மல்லாக்க உட்கார்ந்துவிட்டாள். நான் அவள் அக்குளில் கையைக் கொடுத்துப் பின்னால் சாய்ந்தேன். "டேய், எவளா இருந்தா இன்னாடா! என் புருசன்டா அது, இழுடா!" என்றாள் தம்பியைப் பார்த்து. அவன் இன்னும் ஓரடி பின்னால் போனான்.

சண்முகசுந்தரம்தான் வந்து கயிற்றைப் பிடித்தார். "எம் பையனைப் புடிச்சிருக்காரு. ரெண்டு பேரு கனம்லா இருக்கு. விடாதீய, விடாதீய!" அவர் இழுக்கவும் மற்றவர்களும் திரும்பி வந்தார்கள். கன்னியப்பனும் கண்ணை இறுக மூடிக்கொண்டு வந்து பிடித்தான்.

அடியிலிருந்த பிடி சட்டென்று விட்டுப்போனது. அது விட்டபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை, ஏன் விட்டது என்பது எனக்குத் தெரியும்.

முதலில் வந்தவை குதிகால்கள். பிறகு முதுகு. வேம்புலி தலைகீழாக, இடுப்பில் மடங்கி வந்தான். தலைமுடி முழுக்கக் கறுப்புச் சேறு, நெற்றி சிராய்த்திருந்தது. கண்கள் திறந்திருந்தன. நீட்டியிருந்த வலது கையில் ஒரு மணிக்கட்டு. அந்த மணிக்கட்டின் பின்னால் குணசேகரன் வந்தான்.

இரண்டு பேரையும் மேட்டில் போட்டார்கள். குணசேகரனைத் தொட்டுப் பார்த்தேன், விட்டுவிட்டேன். அவன் தாய் வருவதற்குள் வாயைத் துடைத்துக் கண்ணை மட்டும் மூடினேன். வேம்புலிக்கு நாடி இருந்தது, மூச்சு இல்லை. வாயிலிருந்த சேற்றைத் தோண்டி எடுத்து, மூக்கைப் பிடித்து ஊதினேன். ஊதிக்கொண்டே இருந்தேன். இருமினான். ஒருக்களித்துப் போட்டதும் பச்சைத் தண்ணீராகக் கக்கினான்.

பேச்சு வந்ததும் அவன் கேட்டது இதுதான்.

"எதுக்குய்யா என்னைக் கீழ இஸ்தீங்க?"

நாகவல்லி அவன் முகத்துச் சேற்றை முந்தானையால் துடைத்தாள்.

"புள்ள கெடச்சிட்டான். கையப் புடிச்சிகினு மேல வந்தேன். நல்லா வந்துகினு கீறேன், வெளிச்சம் மட்டும் வரல. கைய நீட்டுனா குளுகுளுன்னு, மெத்துன்னு ஒண்ணு தட்டுச்சி. அவ மூஞ்சின்னு நெனச்சேன். அந்த நேரம் பாத்து இடுப்பப் புடிச்சிக் கீழ இழுக்க ஆரம்பிச்சிட்டா. குழாயப் புடிச்சிகினேன். உடல. எவ்ளோ நேரம் புடிச்சிகினு இருந்தேன் தெரியுமா, நர்சக்கா?"

அவனுடைய இடது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தேன். துருவும் ரத்தமுமாக இருந்தது. கிணற்றின் அடியில் பழைய பம்புக் குழாய் கிடந்தது. அவன் மேலே என்று நினைத்து நீந்தியது சேற்றுக்குள். முகம் என்று நினைத்ததும் சேறு. மேலே நாங்கள் தூக்கியதை அவள் கீழே இழுக்கிறாள் என்று அவன் எதிர்த்தான். கீழே அவன் எதிர்த்ததை அவள் இழுக்கிறாள் என்று கன்னியப்பன் கயிற்றை விட்டான். இதை அங்கேயே விளக்கிச் சொன்னேன். கன்னியப்பன் தலையை ஆட்டினான். ஆனால் அன்றிலிருந்து அவன் ஏரிக்கரை வழியாகப் போவதில்லை.

வேம்புலி மறுபடி தண்ணீரில் இறங்கவில்லை. நாங்கள் தடுக்கவில்லை, அவனே விட்டுவிட்டான். பகல் ஷிப்டு மட்டும் என்று சொல்லி ஒரு கம்பெனி வாசலில் காவலுக்கு உட்கார்ந்தான். மதில் சுவரை விரல் நுனியால் தொட்டுக்கொண்டே போவான், வருவான். தொண்ணூறுகளில் அந்தக் கிணறுகளையெல்லாம் கட்டட இடிபாடு போட்டு மூடி வீடு கட்டினார்கள். ஒவ்வொன்று மூடும்போதும் போய்ப் பார்த்துவிட்டு வருவான். "சத்தம் கொறஞ்சிதா?" என்று கேட்பேன். "எங்க கொறையுது. மூடிட்டா அதுங்க வேற எங்க போவும்?" என்பான்.

அந்தக் கயிற்றை நாகவல்லி தூக்கிப் போடவில்லை. வீட்டுக் கதவிலிருந்து கொல்லைக் குழாய்வரை இடுப்பு உயரத்தில் கட்டிவிட்டாள். சாயங்காலம் கரண்ட் போனால் வேம்புலி அதைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பான், நடப்பான். சில நேரம் இருட்டில் இரண்டு முறை சுண்டி இழுப்பான். "பொணம் ரெடி, தூக்கு" என்று அர்த்தம். உள்ளேயிருந்து நாகவல்லி திட்டிக்கொண்டே ஒருமுறை திருப்பிச் சுண்டுவாள். அவள் குரல் அவனுக்குக் கேட்காது, கயிறு கையில் தெரியும். வருஷக்கணக்காக அவர்களுடைய பேச்சு அதுதான்.

தொண்ணூற்றாறில், ஐப்பசி மாதம், வேம்புலிக்கு ஒரு விடுமுறை நாள். நாகவல்லி கம்பெனியிலிருந்து திரும்பியபோது பொழுது சாய்ந்துவிட்டது. உள்ளே நுழைந்ததும் கரண்ட் போனது. தீப்பெட்டியைத் தேடும்போது கதவில் கட்டியிருந்த கயிறு இரண்டு முறை சுண்டியது. அவளும் திட்டிக்கொண்டே சுண்டினாள். சிம்னி விளக்கை ஏற்றிக் காபி போட்டாள். அவன் வரவில்லை. போய்ப் பார்த்தாள், என்னைக் கூப்பிட ஓடிவந்தாள்.

கொல்லைக் குழாயடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஒரு கை கயிற்றின் மேல். முகத்தில் சோப்பு காய்ந்து வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. கண்கள் திறந்திருந்தன. நெஞ்சுதான் நின்றிருக்க வேண்டும்.

தாடையைக் கட்டலாம் என்று தொட்டேன். அது ஏற்கனவே இறுகியிருந்தது. கழுத்தும் இறுகத் தொடங்கியிருந்தது. பிணங்களைப் பல வருஷம் கழுவிக் கட்டியவள் நான். உயிர் போனது மத்தியானம், நல்ல வெளிச்சத்தில்.

"இப்பத்தான்க்கா சுண்டுனான்" என்றாள் நாகவல்லி. "நான் உடனே வந்திருந்தா?"

"பக்கத்து வீட்டு ஆடு கயிற்றில் உரசியிருக்கும்" என்றேன்.

அவள் வேலியைப் பார்த்தாள். பக்கத்து வீட்டில் ஆடு உண்டு. அன்று அது அந்த வீட்டு வாசலிலேயே கட்டிக் கிடந்ததை நானும் பார்த்துக்கொண்டுதான் வந்தேன்.

அவன் விரல்களைக் கயிற்றிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். பிறகு கதவுப் பக்கத்து முடிச்சை அவிழ்க்கச் சொன்னேன். அவள் மாட்டேன் என்றாள். அந்தக் கயிறு இன்னும் அங்கேயே இருக்கிறது. சாயங்காலம் கரண்ட் போனால் நான் அந்தச் சந்து வழியாக வருவதில்லை, சுற்றிக்கொண்டு வருகிறேன்.